ஐந்து நிமிடப் பேச்சும் 1860-ல் அச்சான புத்தகமும்: இன்டர்நெட் ஆர்க்கைவ் பயன்படுத்திய அனுபவம்

நான் ஒரு நர்ஸ். 16 வருடமாக வார்டில் வேலை. ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்ததும் முதுகுப் பையைக்கூடக் கழற்றாமல், "அம்மா, ஹிஸ்டரி ப்ராஜெக்டுக்கு நைட்டிங்கேலை எடுத்துட்டேன்" என்றாள். ஒவ்வொருவரும் ஒரு வரலாற்று மனிதரைத் தேர்ந்தெடுத்து, மூன்று வாரம் தேடிப் படித்து, ஒரு சார்ட் செய்து, வகுப்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டுமாம். நவீன நர்ஸிங்குக்கு அடித்தளம் போட்ட ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலைத்தான் சொல்கிறாள். "ஏன் அவங்க?" என்று கேட்டேன். "நீ நர்ஸ்தானே" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ஆசிரியை ஒரு நிபந்தனை வைத்திருந்தார். சொல்லும் தகவல் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், அந்த இடத்தைக் காட்டத் தெரிய வேண்டும். அந்த நிபந்தனைதான் எங்களை இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்துக்குக் கொண்டு சேர்த்தது. மூன்று வாரத்தில் பெரும்பகுதி நேரம் நாங்கள் இருந்தது அங்கேதான். பிள்ளைகளின் ப்ராஜெக்டுக்கு உதவப்போகும் பெற்றோருக்கு அது எப்படிப்பட்ட இடம் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

முதலில் நாங்களும் எல்லோரும் போகும் வழியில்தான் போனோம். பெயரைத் தட்டினோம், வாழ்க்கைக் குறிப்புப் பக்கங்கள் வரிசையாக வந்தன. நாலைந்து படித்ததும் மகளுக்கே சலித்துவிட்டது. எல்லாவற்றிலும் அதே பத்து வரிகள். பிறந்த ஊர், போர், கைவிளக்கு, விருது. ஒரு தளத்தில் அழகான பூப்படத்தின் மேல் அவருடைய பொன்மொழி என்று ஒரு வாக்கியம் இருந்தது. எப்போது சொன்னார், எதில் எழுதினார் என்று ஒரு வார்த்தை இல்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஒரு செயலியிடம், அந்த வாக்கியம் எதில் வருகிறது என்று கேட்டோம். அது புத்தகப் பெயரும் பக்க எண்ணும் சேர்த்தே கொடுத்தது. மகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். "அப்போ அந்தப் பக்கத்தைப் பார்க்கலாம்மா" என்றாள். அந்தப் பக்கத்தைத் தேடித்தான் ஆர்க்கைவுக்கு வந்தோம். புத்தகம் இருந்தது. அந்தப் பக்கத்தில் அந்த வாக்கியம் இல்லை.

சரி, ஆர்க்கைவ் என்றால் என்ன? 1996-ல் புரூஸ்டர் கேல் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய, லாப நோக்கமில்லாத நூலகம். பழைய இணையப் பக்கங்களைச் சேர்த்து வைக்கும் 'வேபேக் மெஷின்' வழியாகத்தான் பலருக்கு அதைத் தெரியும். ஆனால் அங்கே பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்த புத்தகங்கள், ஒலிப்பதிவுகள், படங்கள் எல்லாம் இருக்கின்றன. கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. காப்புரிமை முடிந்த பழைய புத்தகங்களைப் படிக்கக் கணக்குத் தொடங்கக்கூட வேண்டாம். காப்புரிமை உள்ளவற்றில் சிலவற்றை இலவசக் கணக்கு தொடங்கி ஒரு மணி நேரத்துக்கோ, 14 நாளுக்கோ இரவல் வாங்கலாம். பதிப்பகங்கள் 2020-ல் தொடுத்த வழக்கில் 2023-ல் ஆர்க்கைவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதன் பிறகு சுமார் 5 லட்சம் புத்தகங்கள் இரவல் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டன. அதனால் சமீபத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகளை அங்கே எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ப்ராஜெக்டுக்கு யாரை எடுக்கிறோம் என்பதே இங்கே பாதி விஷயம். 19-ஆம் நூற்றாண்டு மனிதர் என்றால் அவர் எழுதியது, அவரைப் பற்றி அந்தக் காலத்தில் மற்றவர்கள் எழுதியது எல்லாம் தடையில்லாமல் கிடைக்கும். முப்பது வருடத்துக்கு முன்பு இறந்தவரை எடுத்தால் உள்ளூர் நூலகத்துக்குப் போவதே நல்லது.

தேடும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் இரண்டு மாலை எங்களுக்கு அதிலேயே போய்விட்டது. பெயரை மட்டும் தட்டினால் பாட்காஸ்ட், குழந்தைக் கதை, யாரோ ஏற்றிய கோப்பு என்று மலைபோல் வந்து நிற்கும். இடப்பக்கம் 'டெக்ஸ்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் வெளியான வருடத்தைக் குறுக்குங்கள். நாங்கள் 1855 முதல் 1915 வரை வைத்தோம். பட்டியல் சட்டென்று கைக்கு அடங்கியது. 1860-ஐ ஒட்டி அவரே எழுதிய 'நோட்ஸ் ஆன் நர்ஸிங்' இருந்தது. 1913-ல் எட்வர்ட் குக் இரண்டு தொகுதிகளாக எழுதிய வாழ்க்கை வரலாறும் வந்தது. எங்களுக்கு அந்த இரண்டும் போதும் என்று தோன்றியது.

ஒரே புத்தகத்துக்குப் பல பிரதிகள் இருக்கும், இதை மட்டும் மறக்காதீர்கள். லண்டனில் ஹாரிசன் போட்டது ஒன்று, நியூயார்க்கில் ஆப்பிள்டன் 1860-ல் போட்டது இன்னொன்று. வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான், பக்க எண் வேறு. மகள் ஒரு நாள் ஒன்றைத் திறந்து குறிப்பெடுத்தாள், மறுநாள் மற்றதைத் திறந்தாள். எழுதி வைத்த எண்ணில் தேடினால் வேறு அத்தியாயம். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. ஒரு பிரதியைத் தேர்ந்தெடுத்து, அதன் லிங்கை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் மேலே உள்ள முகவரி மாறுவதைக் கவனித்தோம். அந்த முகவரியை எடுத்து வைத்தால் நேராக அதே பக்கத்துக்கு வந்துவிடலாம். ஆசிரியை கேட்ட 'இடத்தைக் காட்டு' என்பதற்கு இதைவிட நேரான பதில் கிடையாது.

இனி அந்தப் புத்தகத்தைப் பற்றி. நர்ஸிங் படித்த காலத்தில் அதன் பெயரைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தேன். திறந்து படித்ததில்லை. மகளுக்குப் புரியாத ஆங்கிலத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று உட்கார்ந்தவள், அவள் தூங்கிய பிறகும் படித்துக்கொண்டே இருந்தேன்.

சத்தத்தைப் பற்றி ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கிறார். நோயாளியைத் துன்புறுத்துவது எல்லாச் சத்தமும் அல்ல, தேவையில்லாத சத்தமும், 'என்னவோ நடக்கப்போகிறது' என்று மனதை எதிர்பார்க்க வைக்கும் சத்தமும்தான் என்கிறார். அறையிலோ வாசலிலோ நின்று குசுகுசுவென்று பேசுவதை அவர் கொடுமை என்றே எழுதுகிறார், ஏனென்றால் படுத்திருப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். நுனிக்காலில் மெல்ல நடப்பதும் அதே காரணத்தால் தப்பு. நடை லேசாகவும் உறுதியாகவும் வேகமாகவும் இருக்க வேண்டும். நோயாளி கழுத்தைத் திருப்பாமல் உங்களைப் பார்க்கும்படி உட்கார்ந்து பேசுங்கள். கட்டிலில் சாயாதீர்கள், அதன் மேல் உட்காராதீர்கள், காரணமில்லாமல் தொடக்கூடத் தொடாதீர்கள்.

கட்டிலில் சாய்ந்து நின்றபடி எத்தனை பேரிடம் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பேன். வார்டு வாசலில் நின்று டாக்டரோடு தாழ்ந்த குரலில் பேசிவிட்டுத் திரும்பும்போது, உள்ளே இருப்பவரின் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொன்னவர் 160 வருடத்துக்கு முன்பு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

'பெட்டி மேனேஜ்மென்ட்', அதாவது சின்னச் சின்ன விஷயங்களின் நிர்வாகம், என்ற அத்தியாயமும் அப்படித்தான். சரியானதை நான் எப்போதும் செய்வது எப்படி என்று கேட்காதே, நான் இல்லாதபோதும் அது நடக்கும்படி ஏற்பாடு செய்வது எப்படி என்று கேள், என்பது அதன் சாரம். டியூட்டி மாறும்போது ஹேண்ட்ஓவர் கொடுக்கும் ஒவ்வொரு நர்ஸுக்கும் இது புரியும். மகளுக்கு இது பிடிபடவில்லை. அவளுக்குப் பிடித்தது வேறு. காய்ச்சலில் கிடந்தபோது யாரோ அனுப்பிய காட்டுப் பூங்கொத்தைப் பார்த்த நேரத்திலிருந்து தனக்கு வேகமாகக் குணமானது என்று நைட்டிங்கேல் எழுதிய ஒரு வரி. "இதைச் சொன்னா எல்லோரும் கேட்பாங்கம்மா" என்று அதை நோட்டில் கட்டம் கட்டி வைத்தாள். நர்ஸ் பகலில் அடிக்கடி கை கழுவ வேண்டும் என்று எழுதிய வரியை என் பங்குக்கு நான் கட்டம் கட்டினேன்.

அந்தப் பூப்படப் பொன்மொழிக்கு வருவோம். புத்தகத்துக்குள்ளேயே சொல்லைத் தேடும் வசதி ஆர்க்கைவில் இருக்கிறது. வாக்கியத்தை அப்படியே போட்டோம், வரவில்லை. இதில் அவசரப்படக் கூடாது. ஸ்கேன் செய்த படத்திலிருந்து எழுத்தை இயந்திரம் படிக்கும்போது, மை பரவிய எழுத்து வேறொன்றாகிவிடும், வரி முடிவில் உடைந்த சொல் இரண்டாகிவிடும். எந்தப் பழைய புத்தகத்திலும் இது உண்டு. அதனால் முழு வாக்கியத்தை விட்டு, அதில் உள்ள அரிதான ஒரே ஒரு சொல்லைப் போட்டுத் தேட வேண்டும். அப்படியும் தேடினோம், குக்கின் இரண்டு தொகுதிகளிலும் தேடினோம். கிடைக்கவில்லை. அவர் அதைச் சொல்லவே இல்லை என்று நாங்கள் முடிவு கட்டவில்லை. எங்களால் காட்ட முடியாது, அதனால் பேச்சில் வேண்டாம் என்று மகளே அடித்துவிட்டாள். அன்றைக்கு அவளைப் பார்க்க எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

அதே வேகத்தில், "அம்மா, நீ விளக்கு ஏத்தி உறுதிமொழி சொன்னியே, அதையும் தேடலாமா?" என்றாள். நைட்டிங்கேல் உறுதிமொழி. வெள்ளைச் சீருடையில், கையில் சுடரை வைத்துக்கொண்டு, நடுங்கும் குரலில் நான் சொன்னது. அவர் எழுதியது என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அவருடைய புத்தகத்தில் அது இல்லை. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஒரு நர்ஸிங் பள்ளிக்காக, லிஸ்ட்ரா கிரெட்டர் என்பவரும் அவரோடு இருந்த குழுவும் நைட்டிங்கேல் பெயரால் எழுதியது அது. அப்போது நைட்டிங்கேல் உயிரோடுதான் இருந்தார். அவர் இறந்தது 1910-ல். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு வருத்தம் எதுவும் வரவில்லை. அந்த வார்த்தைகளை நான் மனதாரச் சொன்னேன், இன்றும் சொல்வேன். யார் எழுதியது என்று இப்போது சரியாகத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது வாரம் முழுக்க எண்களோடு போனது. இந்த ப்ராஜெக்டின் உயிரே அந்த வாரம்தான்.

வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: பிரிட்டன் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போரின்போது, 1854 நவம்பர் 4 அன்று 38 பெண்களோடு நைட்டிங்கேல் துருக்கியில் இருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்கு வந்தார், சுத்தம் செய்தார், சாவு குறைந்தது. மகளும் சார்ட்டில் ஒரு கோடு வரைந்து, அவர் வந்த இடத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு, அங்கிருந்து கோட்டைக் கீழே இறக்கப் பென்சிலில் குறித்து வைத்திருந்தாள். அப்புறம்தான் நைட்டிங்கேலே வெளியிட்ட மாதவாரி அட்டவணையைப் பார்த்தோம். அவர் வந்து இரண்டு மாதம் கழித்து, 1855 ஜனவரியில், கிழக்கே இருந்த பிரிட்டிஷ் படையில் நோயால் இறந்தவர்கள் 2,761 பேர். காயத்தால் 83 பேர். மற்ற காரணங்களால் 324 பேர். மொத்தப் படை சராசரியாக 32,393 பேர். அதாவது ஒரே மாதத்தில் பத்தில் ஒருவர் போய்விட்டார். கோடு கீழே இறங்கவில்லை. மேலே போயிருக்கிறது.

மகள் பென்சில் கோட்டை அழித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். "அப்போ அவங்க ஒண்ணும் செய்யலையா?" என்று கேட்டாள். குக்கின் புத்தகத்தை எடுத்துச் சேர்ந்து படித்தோம். மருத்துவமனைக்கு அடியிலேயே கழிவுநீர் தேங்கி நின்றது. சோறு, துணி, படுக்கை, சோப்பு என்று அவரும் மற்ற நர்ஸுகளும் இரவு பகலாகப் போராடியும், அடியில் இருந்ததை அவர்களால் மாற்ற முடியவில்லை. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து சுகாதாரக் குழு வந்தது. சாக்கடைகளைக் கழுவி விட்டார்கள், செத்த விலங்குகளை அப்புறப்படுத்தினார்கள், காற்று வர வழி செய்தார்கள். மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர்களில் பிப்ரவரியில் நூற்றுக்கு 42 என்று இருந்த சாவு விகிதம் ஜூனில் 2 அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகுதான் அவர் இந்த எண்களை முழுதாக வைத்துப் பார்க்கிறார். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞர் துணையோடு கணக்கிடுகிறார். தான் வேலை பார்த்த இடத்திலேயே அவ்வளவு பேர் செத்தார்கள் என்று காட்டும் கணக்கு அது. மறைக்காமல் வெளியிட்டார். இறப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட எந்த நர்ஸும் இதன் கனத்தை உணர்வாள். எனக்கு அவர் மேல் இருந்த மரியாதை கைவிளக்கைவிட இந்த அட்டவணையால்தான் கூடியது. மகளுக்கும் அதைத்தான் சொன்னேன்: "அவங்க வந்ததும் எல்லாம் சரியாயிடலடா கண்ணு. ஏன் சரியாகலன்னு கண்டுபிடிச்சாங்க."

1858-ல் அவர் வெளியிட்ட அந்தப் பிரபலமான படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். பூவிதழ் மாதிரி விரிந்த 12 மாதங்கள், நீலம் தடுக்கக்கூடிய நோய், சிவப்பு காயம், கறுப்பு மற்றவை. இதை விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படத் தளத்திலிருந்து பெரிய அளவில் எடுத்தோம். படத்தை மட்டும் பார்த்துவிட்டு மகள் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியதாக நினைத்தாள். நன்றாகப் பெரிதாக்கினால் ஓரத்தில் உள்ள விளக்கக் குறிப்பு தெரிகிறது: ஒவ்வொரு நிறத்தின் பரப்பையும் நடுப்புள்ளியிலிருந்தே அளக்க வேண்டும். சின்ன அளவுப் படத்தை எடுத்து அச்சிட்டிருந்தால் இந்தக் குறிப்பு வெறும் புள்ளிகளாகத்தான் தெரிந்திருக்கும். எந்தத் தளத்தில் எடுத்தாலும் இருப்பதில் பெரிய அளவையே எடுங்கள்.

பரப்பு என்றதும் கணக்கு வந்தது. 83-ஐயும் 2,761-ஐயும் நீளமாக வரைந்தால் ஒன்று மற்றதைப் போல் 33 மடங்கு. பரப்பாக வரைய வேண்டுமானால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 324-க்கு 18 என்று சுத்தமாக வந்ததும் அவளுக்கு ஒரே குஷி. 2,761-க்கு 52.5, 83-க்கு 9.1. அதை மில்லிமீட்டராக எடுத்து நான்கு மடங்காக்கி, ஜனவரி மாதம் ஒன்றை மட்டும் 30 பாகைத் துண்டாகச் சார்ட்டில் வரைந்தாள். 12 மாதத்தையும் வரைய வேண்டும் என்று ஆசைப்பட்டாள், நான்தான் தடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வகுப்புக்கு ஒரு துண்டு புரிந்தால் போதும்.

நடுவே அவள் கேட்ட ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. அந்தக் காலத்தில் நைட்டிங்கேல் நோய் கிருமியால் பரவுகிறது என்று நம்பவில்லை. கெட்ட காற்றுதான் காரணம் என்று நினைத்தார். புத்தகத்திலேயே அது தெரிகிறது. "தப்பா நம்பினவங்க எப்படிச் சரியானதைச் செஞ்சாங்க?" என்று கேட்டாள். நாற்றம் அடிக்கும் இடத்தைச் சுத்தம் செய்தால் நாற்றத்தோடு கிருமியும் போகும், ஜன்னலைத் திறந்தால் இரண்டுக்கும் நல்லதுதான் என்று கடைசியில் விளக்கினேன். இதைப் பேச்சில் சேர்க்கலாமா என்று யோசித்தாள். சேர்த்தாள். அவர் நினைத்தது தவறு என்று ஒரு வரி, அவர் செய்தது ஏன் பலித்தது என்று ஒரு வரி.

கைவிளக்கையும் விடவில்லை. படங்களில் அவர் கையில் பெரும்பாலும் அலாவுதீன் கதையில் வருவது போன்ற மூக்கு வைத்த விளக்கு இருக்கும். எங்கள் விழாவில் ஏற்றியதும் அந்த வடிவம்தான். உண்மையில் அங்கே புழங்கியது துருக்கிக்காரர்களின் மடிப்பு விளக்கு, உள்ளே மெழுகுவத்தி, சுற்றிலும் மடித்து விரிக்கக்கூடிய உறை. லண்டனில் உள்ள நைட்டிங்கேல் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. மகள் மடிப்புக் காகிதத்தில் ஒன்று செய்தாள். காற்று பட்டால் அணையாது, கையில் எண்ணெய் சிந்தாது. நைட் டியூட்டி பார்ப்பவர்களுக்கு எந்த விளக்கு வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

ஆர்க்கைவின் மற்ற விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் கோப்பு ஏற்றலாம் என்பதால், மேலே போட்டிருக்கும் தலைப்பையும் வருடத்தையும் நம்பி எழுதாமல் புத்தகத்தின் முகப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்து எழுதுங்கள். அச்சிட்டதில்தான் சொல் தேட முடியும், கையெழுத்துக் கடிதங்களைக் கண்ணால் படிப்பதைத் தவிர வழியில்லை. மொபைலில் படித்தால் கண் வலிக்கும், இரண்டு பக்கமும் விரியும் பெரிய திரை இருந்தால் நல்லது. படமும் அட்டவணையும் வேண்டும் என்றால் பிடிஎஃப் எடுங்கள், வாசகம் மட்டும் போதும் என்றால் ஈபப் என்ற மின்னூல் வடிவம் போதும், கோப்பு சிறியது. தேவையான புத்தகத்தை முதல் நாளே பதிவிறக்கி வைத்துவிடுங்கள். 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் ஆர்க்கைவ் சில நாட்கள் முடங்கியது. அந்த வாரத்தில் ப்ராஜெக்ட் வைத்திருந்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வேபேக் மெஷினையும் ஒரு வேலைக்குப் பயன்படுத்தினோம். நாங்கள் பார்த்த மற்ற இணையப் பக்கங்களை அதில் சேமித்து, அந்த லிங்கைக் குறித்து வைத்தோம். அசல் பக்கம் நாளை மாறினாலும் நாங்கள் பார்த்தது அப்படியே இருக்கும்.

யாருக்கு இது ஒத்து வராது? நாளைக்கு ப்ராஜெக்ட், இன்று இரவு தொடங்குகிறோம் என்பவர்களுக்கு ஒத்து வராது. அவர்களுக்கு ஒரு நல்ல கலைக்களஞ்சியக் கட்டுரை போதும். சின்னப் பிள்ளைகள் தனியாகப் பயன்படுத்தும் இடமும் இல்லை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் நீளமாகச் சுற்றி வளைத்துப் போகும். ஒரு நாளைக்கு நாலு பக்கம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டு வாரமாவது கையில் இருந்தால் தயங்காமல் போங்கள். என் மதிப்பீட்டில் ஐந்துக்கு ஐந்து.

பேசும் நாளுக்கு முந்தின இரவு மகள் என் முன்னால் நான்கு தடவை பேசிப் பார்த்தாள். முதல் தடவை 11 நிமிடம் வந்தது. பிறப்பு, குடும்பம், அக்கா, அவர் வளர்த்த ஆந்தை எல்லாம் போனது. ஏதென்ஸில் காப்பாற்றிக் கொண்டுவந்து சட்டைப் பையில் வைத்துச் சுற்றிய ஆந்தை அது. அதை விடுவதற்குத்தான் அவள் அதிகம் சண்டை போட்டாள். கடைசியில் மூன்று பொருள் நின்றது: ஜனவரி மாதத் துண்டு, சத்தம் பற்றிய பக்கத்தின் அச்சு, ஒரு குரல்.

குரல் என்றால் நைட்டிங்கேலின் குரலேதான். 1890 ஜூலை 30 அன்று, 70 வயதில், எடிசனின் மெழுகு உருளையில் பதிவு செய்தது. அதே கிரிமியப் போரின் பாலக்ளாவா சண்டையில் இருந்து திரும்பி வறுமையில் வாடிய பழைய வீரர்களுக்கு நிதி திரட்டுவதற்காகப் பேசியிருக்கிறார். நான் ஒரு நினைவாகக்கூட இல்லாமல் வெறும் பெயராகிவிடும்போது, என் வாழ்நாள் வேலையை என் குரல் நீடிக்கச் செய்யும் என்று நம்புகிறேன், என்று தொடங்கும் சில வரிகள். இணையத்தில் கேட்கலாம். கரகரப்புக்கு நடுவே நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வருகிறது. முதல் தடவை கேட்டபோது நானும் மகளும் ஒன்றும் பேசவில்லை.

வகுப்பில் அவள் சார்ட்டைச் சுருட்டியே வைத்திருந்தாளாம். "அந்தப் போர்ல ஜனவரி மாசம் செத்தவங்க அதிகமா எதால செத்தாங்க?" என்று முதலில் கேட்டிருக்கிறாள். குண்டு, கத்தி, குளிர் என்று பதில் வந்திருக்கிறது. அப்புறம் விரித்துக் காட்டினாளாம், பெரிய நீலத் துண்டுக்குள் விரல் அகலத்துக்குச் சிவப்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, அவர் வந்ததும் சாவு குறைந்தது என்றுதான் நான் படித்தேன், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டானாம். ஆசிரியை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் இவள் அச்சிட்டு வைத்திருந்த அட்டவணையை எடுத்து அவன் கையில் கொடுத்து, "நவம்பர்லேர்ந்து நீயே படி" என்றாளாம். அவன் ஒவ்வொரு மாதமாகச் சத்தமாகப் படித்தான் என்று சொன்னாள்.

மறுநாள் மாலை அந்தப் பையனுடைய அம்மா போன் செய்தார். அவன் மேரி சீகோலை எடுத்திருக்கிறானாம், அதே போர்க்களத்துக்குத் தன் சொந்தச் செலவில் போனவர். சீகோல் 1857-ல் எழுதிய தன் கதை எங்கே கிடைக்கும் என்று கேட்டார். போனை மகளிடம் கொடுத்தேன். "ஆன்ட்டி, முதல்ல இடப்பக்கம் டெக்ஸ்ட்ஸ்னு இருக்கும் பாருங்க" என்று அவள் ஆரம்பித்தாள். நான் டியூட்டிக்குக் கிளம்பினேன்.